செம்மறிக்குத் தானியம் கூட்டினால் வைக்கோல் ஏன் மிஞ்சுகிறது? மாவுச்சத்தா, புரதமா?

செம்மறிக்காரன்:

வணக்கம். என் ஆடுகளுக்கு வைக்கோல்தான் முக்கியத் தீவனம். எடை ஏறட்டும் என்று உடைத்த மக்காச்சோளம் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வந்தேன். இப்போது தானியத்தைப் போட்டவுடன் காலி செய்துவிடுகின்றன, ஆனால் வைக்கோல் தொட்டியில் மிஞ்சுகிறது. முன்பெல்லாம் ஒரு தும்புகூட மிஞ்சாது. புழுக்கையும் தனித்தனி மணியாக உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக விழுகிறது. மற்றபடி நோய் எதுவும் தெரியவில்லை. எடை ஏறுகிறது, ஆனால் போடுகிற தானியத்துக்கு அந்த ஏற்றம் போதாது.

"புண்ணாக்கு சேர், சரியாகிவிடும்" என்கிறார் ஒருவர். "தானியத்தைக் குறை" என்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது?

பட்டிக்காவல்:

தம்பி, முதலில் தானியத்தைக் குறையுங்கள். ஆட்டு வயிறு தழையும் தாளும் தின்னப் படைத்தது. புழுக்கை ஒட்ட ஆரம்பித்தாலே வயிறு புளிக்கிறது என்று அர்த்தம். அதற்குமேல் புண்ணாக்கையும் ஏற்றினால் வயிற்றுக்கு இன்னும் பாரம்தான்.

தீவனமேடை:

இரண்டு பேர் சொன்னதும் சரிதான், ஆனால் இரண்டும் வேறு வேறு கோளாறுக்கான பதில்கள். மாவுச்சத்து இரண்டு வழியில் நார்ச்சத்தின் செரிமானத்தைக் கெடுக்கும். புரதம் அதில் ஒன்றைத்தான் சரி செய்யும். எந்த வழியில் கெட்டது என்று பார்க்காமல் புண்ணாக்கை அள்ளிப் போட்டால் காசு வீண்.

ஒன்று, அமிலம். மாவுச்சத்தைத் தின்னும் பாக்டீரியாக்கள் மிக வேகமாகப் பெருகுபவை. அவை வெளிவிடும் கொழுப்பு அமிலங்கள், பெருவயிற்றின் (தின்ற தீவனம் நுண்ணுயிர்களால் புளிக்கும் பெரிய வயிற்று அறை) சுவர் உறிஞ்சும் வேகத்தைத் தாண்டிச் சேர்ந்துவிடும். அதே நேரம், உடைத்த தானியத்தை மெல்லவோ அசைபோடவோ ஆட்டுக்கு அதிக வேலை இல்லை. அதனால் உமிழ்நீரும் குறைகிறது. வளர்ந்த செம்மறி ஒரு நாளைக்கு 6 முதல் 16 லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கும். அதிலுள்ள பைகார்பனேட்டும் பாஸ்பேட்டும்தான் பெருவயிற்றில் அமிலத்தை அடக்கி வைக்கின்றன. அமிலம் கூடி, அடக்குவது குறைந்தால் பிஎச் இறங்கும் (பிஎச் என்பது அமில அளவுகோல், எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). வைக்கோலும் புல்லும் தின்னும் ஆட்டில் பிஎச் 6-க்கு மேலே, 7-ஐ ஒட்டி இருக்கும். அது 6-க்குக் கீழே போனால் நாரைச் சிதைக்கும் ஃபைப்ரோபாக்டர், ரூமினோகாக்கஸ் வகைகள் தள்ளாட ஆரம்பித்துவிடும். மாவுச்சத்துப் பாக்டீரியாக்களுக்கோ 5.5-இலும் கவலை இல்லை.

இரண்டு, நைட்ரஜன் பசி. புரதத்திலிருந்து நுண்ணுயிர்களுக்குக் கிடைப்பது நைட்ரஜன். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பிஎச் நன்றாகவே இருந்தாலும், தீவனத்தில் புரதம் குறைவாக இருக்கும்போது மாவுச்சத்தைச் சேர்த்தால் நார் செரிப்பது குறையும். பந்திக்கு முந்துகிறவனைப் போல, வேகமாக வளரும் மாவுச்சத்துப் பாக்டீரியாக்கள் இருக்கிற அம்மோனியாவையும் அமினோ அமிலங்களையும் எடுத்துக்கொண்டுவிடும். மெதுவாக வளரும் நார்ப் பாக்டீரியாக்களுக்கு மிஞ்சுவது சொற்பம். 1961-இலேயே எல்-ஷாஸ்லி, டிஹோரிட்டி, ஜான்சன் மூவரும் மாவுச்சத்து செல்லுலோஸ் செரிமானத்தைக் குறைப்பதை ஆராய்ந்து, நுண்ணுயிர்களுக்குள் ஊட்டத்துக்காக, முக்கியமாக நைட்ரஜனுக்காக, நடக்கும் போட்டியைக் காரணமாகக் காட்டினார்கள். 1983-இல் மோல்ட், ஓர்ஸ்கோவ், மான் ஆகியோர் பைகார்பனேட் கொடுத்து பிஎச்சைத் தூக்கிப் பார்த்தார்கள். நார்ச் செரிமானம் ஓரளவு மீண்டது, முழுவதும் மீளவில்லை. அமிலம் மட்டுமே காரணம் என்றால் முழுவதும் மீண்டிருக்க வேண்டும்.

உங்கள் கலவையில் எது எவ்வளவு என்று சொல்லுங்கள். கணக்குப் போட்டால் பாதி தெரிந்துவிடும்.

செம்மறிக்காரன்:

ரொம்ப நன்றி சார். உலர் எடையில் ஏறக்குறைய 60 பங்கு வைக்கோல், 40 பங்கு மக்காச்சோளம். புண்ணாக்கு எதுவும் இல்லை. தானியத்தைக் காலையில் ஒரே வேளையாகப் போடுகிறேன்.

தீவனமேடை:

சரி, ஒரு கிலோ உலர் தீவனத்துக்குக் கணக்குப் போடுவோம். வைக்கோலில் கச்சாப் புரதம் (நைட்ரஜன் அளவை வைத்துக் கணக்கிடும் மொத்தப் புரதம்) 4 சதவீதம் என்று வைத்தால் 600 கிராமில் 24 கிராம். மக்காச்சோளத்தில் 9 சதவீதம் என்றால் 400 கிராமில் 36 கிராம். மொத்தம் 60 கிராம், அதாவது 6 சதவீதம்.

தீவனத்தில் கச்சாப் புரதம் சுமார் 7 சதவீதத்துக்குக் கீழே போனாலே பெருவயிற்று நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் தட்டுப்பாடு வந்துவிடும். நார் மெதுவாகத்தான் உடையும். உடையாத வைக்கோல் வயிற்றை அடைத்துக்கொண்டு கிடப்பதால் ஆடு அடுத்த வாய் வைக்கோலை எடுக்காது. உங்கள் தொட்டியில் மிஞ்சுவதற்கு இதுவே போதுமான காரணம். மக்காச்சோளம் புரத விகிதத்தை லேசாக ஏற்றியதென்னவோ உண்மை. ஆனால் கூடவே நைட்ரஜனைத் தின்னும் கூட்டத்தை அதைவிடப் பல மடங்கு வளர்த்துவிட்டது.

இப்போது மக்காச்சோளத்தில் 100 கிராமை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 45 சதவீதப் புரதமுள்ள புண்ணாக்கை வையுங்கள். 24 + 27 + 45, மொத்தம் 96 கிராம். 9.6 சதவீதத்துக்கு வந்துவிட்டது. தானியமும் கூடவே குறைந்திருக்கிறது. ஆக, பட்டிக்காவல் அண்ணன் சொன்னதும் இதில் அடக்கம்.

பட்டிக்காவல்:

கணக்கு புரிகிறது சார். ஆனால் புழுக்கை ஒட்டுவதற்கு என்ன சொல்வீர்கள்? புரதம் குறைந்து வைக்கோலை மட்டும் தின்னும் ஆட்டின் புழுக்கை கல் மாதிரிக் காய்ந்து விழும். ஒட்டாது. நான் வளர்த்த வரைக்கும் அதுதான் பார்த்தது.

தீவனமேடை:

சரியான இடத்தில் பிடித்தீர்கள் அண்ணே. நைட்ரஜன் பசி மட்டும் என்றால் புழுக்கை காய்ந்து, கெட்டியாக இருக்கும். ஒட்டுகிறது என்றால் மாவுச்சத்து சிறுகுடலையும் தாண்டிப் பின்குடல் வரை போகிறதோ என்று பார்க்க வேண்டும். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு கைப்பிடி புதுப் புழுக்கையை மெல்லிய சல்லடையில் போட்டு, தண்ணீர் ஊற்றி அலசுங்கள். சாறு போனபின் சல்லடையில் நிற்பதை விரலால் பரப்பிப் பாருங்கள். நீளமான தும்புகள் நிறைய நின்றால் நார் சரியாக உடையவில்லை. மங்கிய வெள்ளைத் துகள்கள் நின்று, நசுக்கினால் மாவாக வந்தால் தானியம் செரிக்காமல் வெளியே வருகிறது. அந்தத் துகளில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலமாகும்.

தானியங்கள் எல்லாம் ஒரே மாதிரி உடைவதில்லை. கோதுமை, பார்லி, ஓட்ஸ் இவற்றின் மாவுச்சத்து பெருவயிற்றிலேயே வேகமாகக் கரைந்துவிடும். மக்காச்சோளத்திலும் சோளத்திலும் மாவுத் துகள்களைச் சுற்றிக் கெட்டியான புரதவலை இருப்பதால் மெதுவாகத்தான் உடையும், ஒரு பகுதி தப்பித்துக் கீழே போகும். அதனால் அமில அபாயம் கோதுமையில் அதிகம், மக்காச்சோளத்தில் குறைவு. தப்பித்துப் போவதைச் சிறுகுடல் முழுவதும் செரித்துவிட்டால் ஆட்டுக்கு லாபம்தான், நேரே குளுக்கோஸாகக் கிடைக்கும். ஆனால் அசைபோடும் விலங்குகளில் அங்கே மாவுச்சத்தைச் செரிக்கும் திறனுக்கு ஒரு வரம்பு உண்டு. மிஞ்சுவது பின்குடலில் போய்ப் புளிக்கும். உங்கள் ஆடுகளில் நடப்பது இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

புரதம் இங்கேயும் உதவும். பெருவயிற்றைத் தாண்டிச் சிறுகுடலுக்குள் நேரடியாகக் கேசின் என்ற பால் புரதத்தைச் செலுத்திய மாட்டு ஆய்வுகளில், சிறுகுடலில் மாவுச்சத்து செரிப்பதும் கூடியது. கீழே போகும் புரதம் கணையத்தை, மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதியை அதிகம் சுரக்கத் தூண்டுகிறது என்பதே அதற்குச் சொல்லும் விளக்கம். புரதக் குறைவு மேலே நாரையும் கீழே மாவுச்சத்தையும் கெடுக்கிறது.

ஆய்வுமாணவி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் சார். கால்நடை உணவியல் படிக்கிறேன். செரிமான ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்கு இரண்டு இடத்தில் இடிக்கிறது.

மாவுச்சத்தைக் கூட்டினால் மொத்தச் செரிமானம் கூடியதாகவும், நார்ச் செரிமானம் குறைந்ததாகவும் ஒரே அட்டவணையில் வருகிறது. அப்படியானால் அந்தத் தீவனம் நல்லதா, கெட்டதா? அப்புறம், மாவுச்சத்து கூடினால் புரதச் செரிமானமும் குறைந்ததாகக் காட்டுகிறார்கள். புரதத்தை மாவுச்சத்து எப்படிக் கெடுக்கும்?

தீவனமேடை:

நல்ல கேள்விகள் அம்மா.

முதலாவதை ஒரு கற்பனைக் கணக்கில் சொல்கிறேன். வைக்கோல் தனியாக 48 சதவீதம் செரிக்கிறது, மக்காச்சோளம் 88 என்று வையுங்கள். 60-க்கு 40 கலந்தால் 28.8 + 35.2, ஆக 64 வர வேண்டும். அளந்தால் 60 வருகிறது. 48-லிருந்து 60-க்கு ஏறியிருக்கிறதே என்று மகிழ்ந்துவிடக் கூடாது. வர வேண்டிய 64-இல் 4 காணாமல் போயிருக்கிறது. அந்த இழப்பு முழுவதையும் வைக்கோல் தலையில் வைத்தால், அதன் செரிமானம் 48-லிருந்து 41-க்கு இறங்கியிருக்கிறது. செரிமானம் ஏறியதா என்பதைவிட, எதிர்பார்த்த இடத்துக்கு ஏறியதா என்பதே கேள்வி. நல்ல தீவனமா என்பது உங்கள் நோக்கத்தைப் பொறுத்தது. தானியமே பிரதானமான கொழுக்க வைக்கும் தீவனத்தில் இந்த இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். வைக்கோலை நன்றாகப் பயன்படுத்த வேண்டும் என்று தானியம் போடுபவருக்கு அது நேர் எதிர் விளைவு.

இரண்டாவது, தோற்றச் செரிமானம் செய்யும் குழப்பம். தின்ற நைட்ரஜனிலிருந்து புழுக்கையில் வந்த நைட்ரஜனைக் கழித்துத்தான் அந்த எண் வருகிறது. புழுக்கையில் இருப்பதெல்லாம் செரிக்காத தீவனப் புரதம் அல்ல. குடல் சுவரிலிருந்து உதிர்ந்த செல்கள், செரிப்பு நீர்கள், நுண்ணுயிர் உடல்கள் எல்லாம் அதில் அடக்கம். பின்குடலுக்கு மாவுச்சத்து போனால் அங்கே பாக்டீரியா பெருகும். இரத்தத்திலிருந்து வரும் யூரியாவை எடுத்துத் தன் உடலாக்கிக்கொள்ளும். சிறுகுடலைத் தாண்டிவிட்டதால் ஆடு அதைச் செரித்து எடுக்க வழியில்லை, புழுக்கையோடு போய்விடும். சிறுநீரில் போக வேண்டிய நைட்ரஜன் புழுக்கை வழியே போகிறது, அவ்வளவுதான். அட்டவணையில் புரதச் செரிமானம் விழுந்ததாகத் தெரியும். தீவனப் புரதம் உண்மையில் செரித்தே இருக்கலாம். அதனால் சிறுநீர் நைட்ரஜனையும் சேர்த்து அளக்காத ஆய்வின் புரத முடிவை நான் அரைமனதாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

செம்மறிக்காரன்:

சார், புண்ணாக்குக்குப் பதில் யூரியா போடலாமா? அதுவும் நைட்ரஜன்தானே, விலையும் குறைவு.

கால்நடைமருத்துவர்:

இந்தக் கேள்வி வரும் என்றுதான் காத்திருந்தேன். போடலாம், ஆனால் அளவு தவறினால் பட்டியில் பிணம் விழும்.

யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். 10 கிராம் யூரியா ஏறக்குறைய 29 கிராம் கச்சாப் புரதத்துக்குச் சமம். மொத்த உலர் தீவனத்தில் 1 சதவீதத்தைத் தாண்டவே கூடாது. பல நாள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். கட்டியில்லாமல் கலக்க வேண்டும். குடிக்கும் தண்ணீரில் கரைத்து வைப்பது, பட்டினி கிடந்த ஆட்டுக்கு வைப்பது இரண்டும் ஆபத்து. பெருவயிற்றில் யூரியா மிகச் சீக்கிரம் அம்மோனியாவாகிவிடும். நுண்ணுயிர்கள் பிடித்துக்கொள்வதைவிட வேகமாக வந்தால் இரத்தத்தில் ஏறி, நடுக்கம், நுரை தள்ளுதல், வயிறு உப்புதல், மூச்சுத் திணறல் என்று வரும். அரை மணி நேரத்திலேயே தெரியலாம். குளிர்ந்த தண்ணீரில் வினிகர் கலந்து புகட்டுவது முதலுதவி. ஆனால் மருத்துவரை அழைத்துக்கொண்டே அதைச் செய்யுங்கள்.

யூரியாவில் கந்தகம் கிடையாது. நைட்ரஜன் 10 பங்குக்குக் கந்தகம் 1 பங்கு என்ற விகிதம் செம்மறிக்கு வேண்டும். கம்பளியில் கந்தகமுள்ள அமினோ அமிலம் அதிகம் என்பதால் மாட்டைவிட இதற்குத் தேவை கூடுதல். குட்டிகளுக்கு யூரியா வேண்டவே வேண்டாம்.

தீவனமேடை:

டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நார்ப் பாக்டீரியாக்கள் நைட்ரஜனுக்கு அம்மோனியாவைத்தான் முக்கியமாக நம்புகின்றன. அதனால் யூரியா பயன்படும். ஆனால் அவற்றுக்குக் கிளைத்தொடர் கொழுப்பு அமிலங்களும் வேண்டும். வேலின், லியூசின், ஐசோலியூசின் ஆகிய அமினோ அமிலங்கள் உடையும்போதுதான் அவை கிடைக்கும். யூரியாவிலிருந்து அவை வராது. வைக்கோலிலும் உண்மைப் புரதம் இல்லாதபோது யூரியாவை மட்டும் போட்டால் ஓரளவுக்குமேல் பலன் வராததற்கு இது ஒரு காரணம். நைட்ரஜன் தேவையில் கொஞ்சத்தை யூரியாவும் பெரும்பங்கைப் புண்ணாக்கும் தரட்டும்.

வைக்கோலையே யூரியாவால் பக்குவப்படுத்தலாம் என்பதும் நினைவிருக்கட்டும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைப்பார்கள். நைட்ரஜனும் ஏறும், நாரின் கட்டும் தளரும். தானியத்தோடு யூரியா கலப்பதைவிட எனக்கு இது பிடித்த வழி.

பட்டிக்காவல்:

உடைக்காமல் முழுத் தானியமாகப் போட்டால் என்ன? நான் அப்படித்தான் போடுகிறேன்.

தீவனமேடை:

செம்மறிக்கு அதுதான் நல்லது என்பேன். மாடு முழுத் தானியத்தைச் சரியாக மெல்லாமல் விழுங்கி, சாணத்தில் அப்படியே தள்ளும். செம்மறி நன்றாக மெல்லும். அபர்தீனில் உள்ள ரோவட் ஆய்வு நிலையத்தில் ஓர்ஸ்கோவ் குழுவினர் 1970-களில் வளரும் குட்டிகளுக்கு முழு பார்லியையும், அரைத்துக் குச்சியாக்கிய பார்லியையும் ஒப்பிட்டார்கள். முழுத் தானியம் தின்றவற்றில் பெருவயிற்று பிஎச் மேலே நின்றது, அசைபோடுவதும் கூடியது. அரைத்த பார்லியில் புரோப்பியோனிக் அமிலம் மிகுந்து, குட்டிகளின் தோலடிக் கொழுப்பு இளகிப்போனதையும் கண்டார்கள். தானியத்தை அரைப்பது செம்மறிக்குச் செலவு, கூடவே தொந்தரவு. பல் தேய்ந்த கிழட்டு ஆடுகளுக்கு மட்டும் உடைத்துக் கொடுக்கலாம். சோளம் போன்ற சிறிய, கடினமான மணிகள் முழுதாகத் தப்பி வருகின்றனவா என்று அதே சல்லடையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுமாணவி:

மாவுச்சத்தும் நைட்ரஜனும் பெருவயிற்றில் ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டும் என்ற கொள்கையை எவ்வளவு தூரம் நம்பலாம் சார்?

தீவனமேடை:

சொல்லும்போது அழகாக இருக்கும். 1993-இல் சின்கிளேர் குழுவினர் செம்மறிகளில் இதைச் சோதித்து, இரண்டும் ஒத்த வேகத்தில் கிடைத்தபோது நுண்ணுயிர்ப் புரத உற்பத்தித் திறன் மேம்பட்டதாகக் கண்டார்கள். பிறகு வந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒரே திசையில் இல்லை. முக்கியக் காரணம், ஆடு நைட்ரஜனைத் தானே சேமித்துத் திருப்பி அனுப்புகிறது. கல்லீரலில் உருவாகும் யூரியா உமிழ்நீர் வழியாகவும் பெருவயிற்றின் சுவர் வழியாகவும் மறுபடி உள்ளே வருகிறது. காலையில் மிகுந்த நைட்ரஜன் மாலைக் குறைவைக் கொஞ்சம் ஈடுகட்டிவிடும். ஆகவே மணிக்கணக்கில் பொருத்திப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நாள் மொத்தத்துக்கு அளவு சரியாக இருப்பதுதான் முதலில் முக்கியம்.

அளவுக்கு ஒரு குறியீடு வேண்டுமானால், 1974-இல் சாட்டர், ஸ்லைட்டர் சொன்ன 100 மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் இன்றும் தொடக்கப் புள்ளியாகப் பயன்படுகிறது. அது நுண்ணுயிர்ப் புரத உற்பத்திக்கான அளவு. மட்டமான நாரை வேகமாக உடைக்க அதைவிடக் கூடுதல் வேண்டும் என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு.

செம்மறிக்காரன்:

பெருவயிற்றைத் தாண்டிப் போகும் புரதம் என்று விற்கிறார்களே, அதை வாங்கினால் ஒரே கல்லில் முடிந்துவிடாதா?

தீவனமேடை:

உங்கள் நிலைமைக்கு அது முதல் தேவை இல்லை. உங்கள் பெருவயிற்றுக்குள்ளேதான் பஞ்சம். அங்கே கரையாத புரதத்தைப் போட்டால் நார்ப் பாக்டீரியாவுக்கு உடனடிப் பலன் குறைவு. கரையும் புரதத்தால் பெருவயிறு நிறைந்தபின், வேகமாக வளரும் குட்டிக்கும் பால் கொடுக்கும் பெட்டைக்கும் கம்பளிக்கும் தாண்டிப் போகும் புரதம் பயன்படும். 1967-இல் ஆஸ்திரேலியாவில் ஃபெர்கூசன், ஹெம்ஸ்லி, ரெய்ஸ் ஆகியோர் கேசினை ஃபார்மால்டிஹைடால் பக்குவப்படுத்திப் பெருவயிற்றில் கரையாமல் காத்துக் கொடுத்தபோது செம்மறிகளின் கம்பளி வளர்ச்சி கூடியது. நல்ல விஷயம்தான், ஆனால் வரிசையில் அடுத்தது.

கால்நடைமருத்துவர்:

செம்மறிக்காரருக்கு மூன்று எச்சரிக்கை. தானியத்தை ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்றாகப் பிரித்து, முதலில் வைக்கோலை வைத்துப் பிறகு போடுங்கள். எந்த மாற்றமும் இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக நடக்கட்டும். திடீரென்று கூட்டினால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்ற பாக்டீரியா பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். மற்ற கொழுப்பு அமிலங்களைவிட அது ஏறக்குறைய பத்து மடங்கு வீரியமானது. அதைத் தின்று தீர்க்கும் மெகாஸ்பீரா எல்ஸ்டெனி போன்ற பாக்டீரியாக்கள் பெருக அவகாசம் வேண்டும். பிஎச் 5-க்குக் கீழே இறங்கினால் ஆட்டைக் காப்பாற்றுவது கடினம்.

தானியம் தின்னும் மந்தைக்குத் துள்ளுமாரித் தடுப்பூசி கட்டாயம். குடலுக்கு மாவுச்சத்து மிகுதியாகப் போகும்போதுதான் அந்த நோயின் கிருமி நச்சைப் பெருக்குகிறது. கொழுத்த குட்டிதான் முதலில் சாகும். அடுத்தது, தானியத்திலும் புண்ணாக்கிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. காயடித்த கிடாக்களுக்குச் சிறுநீரில் கல் அடைக்கும். சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்துக் கால்சியம் பாஸ்பரஸ் விகிதத்தை 2-க்கு 1 என்ற அளவில் வையுங்கள். தாது உப்புக் கலவை செம்மறிக்கென்றே தயாரித்ததாக இருக்கட்டும். மாட்டுக் கலவையிலுள்ள தாமிரம் செம்மறிக்கு நஞ்சு.

செம்மறிக்காரன்:

சல்லடையில் அலசிப் பார்த்தேன். தும்பும் நிற்கிறது, வெள்ளைத் துகளும் நிற்கிறது. அயோடின் விட்டதும் துகள் கறுத்தது.

தீவனமேடை:

அப்படியானால் நார் உடையாததும் மாவுச்சத்து தப்பிப் போவதும் இரண்டும் இருக்கிறது. மக்காச்சோளத்தை 30 பங்குக்கு இறக்கி, புண்ணாக்கு 10 பங்கு. தானியம் உடைக்காமல், இரண்டு வேளையாக. புண்ணாக்கை இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மூன்று வாரம் கழித்து அதே சல்லடையில் மறுபடி அலசுங்கள். தும்பு குறைந்து, வெள்ளைத் துகள் மட்டும் நின்றால் இன்னும் 5 பங்கு தானியத்தை இறக்கி அந்த அளவு வைக்கோலைக் கூட்டுங்கள். இரண்டும் குறைந்து, தொட்டியும் காலியானால் அந்த அளவிலேயே நிறுத்திக்கொள்ளலாம்.